ஏற்று, இறக்கு

வினிபெக்கில் சனவரி.
பஸ் தரிப்பிடத்தில் உறைந்து வந்த பென்டிரைவை
உடனே செருகக் கூடாது.
எந்தக் கையேட்டிலும் இல்லாத முதல் விதி இது.
மேசையில் கால்மணி நேரம் கிடக்கட்டும்,
மூக்குக்கண்ணாடிக்காரர் வாசலில் நின்று
புகார் கலையக் காத்திருப்பதுபோல.

நூலகத்தின் கீழ்த்தளம். காலை பத்து மணி.
யாரோ கழித்துவிட்ட மடிக்கணினிகள் ஏழு,
ஏழிலும் லினக்ஸ்.
நான் ஆசிரியன் இல்லை.
போன கிழமை எனக்கே தெரியாததை
இந்தக் கிழமை சொல்லித் தருகிறவன்.

"செருகிப்போட்டன். ஒண்டும் வரேல்லை.
டி எங்கை, ஈ எங்கை?"
தர்மகுலராசா நெடுந்தூர லொறி ஓட்டுகிறவர்.
தெருவில் வீட்டிலக்கம் தேடுகிறமாதிரி
திரையில் எழுத்துத் தேடுகிறார்.
அண்ணை, இங்கே ஒவ்வொரு டிஸ்க்குக்கும்
ஒவ்வொரு எழுத்து இல்லை.
ஒரே வீடு.
வந்து சேர்கிற டிஸ்க் எல்லாம்
அதற்குள் ஓர் அறை.
மீடியா என்ற கோப்புறை,
அதற்குள் உங்கள் பெயர்,
உங்கள் பெயருக்குள் டிஸ்க்கின் பெயர்.
பாருங்கோ, இருக்கிறது.
இல்லை, அது கீபோர்டின் வயர்.
மற்றது.

மவுண்ட் என்றால் என்ன, மலையா என்று
பின்வரிசையில் யாரோ கேட்டார்கள்.
ஏற்றுவது, என்றேன்.
சாமான் ஏற்றுவதுபோல.
"அப்ப இறக்கவும் வேணுமெல்லே?"
தர்மகுலராசா நிமிர்ந்து உட்கார்ந்தார்.
"பில்லிலை கையெழுத்து விழாமல்
ரெஜைனாவிலை நான் கதவு திறந்ததில்லை."
ஒரு மணிநேரமாக நான் சுற்றிவளைத்ததை
அவர் ஒரு வசனத்தில் முடித்துவிட்டார்.

டிவினாவின் டிஸ்க் ஏறியது, திறக்கவில்லை.
அனுமதி மறுக்கப்பட்டது, என்றது திரை.
அவள் கோபப்படவில்லை.
பைக்குள் கையை விட்டு
பிளாஸ்டிக் உறையை வெளியே எடுத்தாள்:
கடவுச்சீட்டு, வேலை அனுமதி,
ஆஸ்பத்திரிச் சலவைப்பகுதியின் அடையாள அட்டை.
எதைக் காட்ட வேண்டும் என்று
என்னைப் பார்த்தாள்.

இல்லை இல்லை, இது அந்த அனுமதி இல்லை.
உங்கள் பழைய கணினியில் நீங்கள்
ஆயிரத்து ஒன்றாம் ஆள்.
இதில் ஆயிரமாவது ஆள்.
இதற்கு உங்கள் முகம் தெரியாது, எண்தான் தெரியும்.
"இதுவுமா?" என்று சிரித்தாள்.
எனக்குச் சிரிக்க ஒரு நொடி பிந்தியது.
ஒரு வரிக் கட்டளை. பிறகு கடவுச்சொல்.
தட்டும்போது ஒரு புள்ளிகூடத் தெரியாது,
பயப்படாமல் தட்டுங்கள்,
அது கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது.

பன்னிரண்டுக்கு ஐந்து நிமிடம்.
நூலகர் லைட்டை ஒருமுறை அணைத்துப் போட்டார்.
எழுவரும் ஜாக்கெட்டுக்குள் கைகளைத் தேட,
நான் அடுத்த கிழமைப் பாடத்தை
என் பென்டிரைவுக்கு நகலெடுத்தேன்.
பட்டை நிறைந்தது. முடிந்தது என்றது.
பிடுங்கப் போனேன்.

என் மணிக்கட்டை ஒரு கை பிடித்தது,
ஸ்டியரிங் பிடித்துக் காய்த்த கை.
"தம்பி, லைட் இன்னும் மினுங்குது."

மினுங்கத்தான் செய்தது.
திரை முடிந்தது என்றாலும்
கடைசிப் பெட்டிகள் இன்னும் கதவருகில்.
இறக்கு என்பதை அழுத்தினேன்.
எல்லோரும் நின்றோம்,
ஒரு கையுறை மாட்டியும் மறு கையுறை மாட்டாமலும்,
கடுகளவு நீல வெளிச்சத்தைப் பார்த்தபடி.
யாரும் கதைக்கவில்லை.
அணைந்தது.
"இப்ப எடு," என்றார்.

வெளியே குளிர் முப்பத்தொன்று, பூச்சியத்துக்குக் கீழே.
எஞ்சின் உறையாதிருக்கக் கம்பத்தில் செருகியிருந்த வயரை
தர்மகுலராசா ஒரே இழுவையில் பிடுங்கி
தோளில் சுற்றிக்கொண்டார்,
ஒருவரையும் கேட்காமல்.